தபால் இல்லாத தபால் ஓட்டு

2016 சட்டமன்றத் தேர்தலில் ராதாபுரம் தொகுதியில் அதிமுகவின் ஐ.எஸ்.இன்பதுரை, திமுகவின் மு.அப்பாவுவை 49 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த எண்ணிக்கையில் 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன. கூடவே வந்த உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டிருந்தவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள்; அவர்கள் அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலர்கள் அல்லர் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். அப்பாவு வழக்குப் போட்டார். 2019 அக்டோபர் 1 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், அந்தத் தலைமையாசிரியர்களுக்குச் சான்றொப்பம் இடும் தகுதி உண்டு என்று கூறி, அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளின் இயந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ண உத்தரவிட்டார். மூன்று நாள் கழித்து உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணியும் முடித்தார்கள். ஆனால் முடிவை வெளியிடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. 2021இல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுள் முடிந்தபோதும் முடிவு வெளியாகியிருக்கவில்லை. அடுத்த தேர்தலில் அப்பாவு அதே ராதாபுரத்தில் வென்று பேரவைத் தலைவர் ஆனார் என்பது வேறு கதை.

இந்த வழக்கில் யாரும் கள்ள ஓட்டு என்று சொல்லவில்லை. ஓட்டுப் போட்டவர்கள் தேர்தல் பணியில் இருந்த அரசு ஊழியர்கள், போட்டதும் அவர்கள்தான். சண்டை முழுக்க, பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட்டவர் யார் என்பதைப் பற்றியது. தபால் ஓட்டு விதிகளின் வரலாறு முழுவதிலும் இந்த மூன்றாம் மனிதர் நிற்கிறார்.

சட்டத்தின் அடிப்படை சிறியது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 60ஆவது பிரிவு யாரெல்லாம் தபாலில் ஓட்டளிக்கலாம் என்று வகுக்கிறது. எப்படி என்பதை 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் சொல்கின்றன. முதலில் வருபவர்கள் சேவை வாக்காளர்கள்: முப்படையினர், மத்திய ஆயுதப் படையினர், தம் மாநிலத்துக்கு வெளியே பணியாற்றும் மாநில ஆயுதக் காவலர், வெளிநாட்டுத் தூதரகங்களில் இருக்கும் அரசு அலுவலர். உடன் வாழும் மனைவிக்கும் இந்த உரிமை தொடக்கத்திலிருந்தே உண்டு. ராணுவத்தில் இருக்கும் பெண்ணின் கணவருக்கு மட்டும் நெடுங்காலம் கிடையாது. சட்டத்தில் இருந்த ‘மனைவி’ என்ற சொல்லை ‘வாழ்க்கைத் துணை’ என்று மாற்ற 2021 வரை ஆயிற்று. அடுத்து, குடியரசுத் தலைவர், ஆளுநர்கள், அமைச்சர்கள் அடங்கிய சிறப்பு வாக்காளர்கள். நாட்டின் முதல் குடிமகன் தபாலில் ஓட்டுப் போட்டாலும் துணைச் செயலர் நிலைக்குக் குறையாத ஓர் அலுவலர் அவர் கையெழுத்துக்குச் சான்று தர வேண்டும். பிறகு தேர்தல் பணியாளர்கள். பிறகு தடுப்புக் காவலில் இருப்பவர்கள்.

இந்தக் கடைசி வகையில் கொஞ்சம் நிற்கலாம். சிறையில் இருப்பவர் ஓட்டளிக்க முடியாது என்கிறது அதே சட்டத்தின் 62(5) பிரிவு. தண்டனை பெற்றவரா, விசாரணைக் கைதியா என்ற பேதம் அதில் இல்லை. 1997இல் உச்ச நீதிமன்றமும் இதைச் சரி என்றது. விலக்கு ஒருவருக்குத்தான்: தடுப்புக் காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர். ஆகவே தமிழ்நாட்டில் குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளரிடம் சான்றொப்பம் வாங்கித் தபாலில் ஓட்டளிக்கலாம். ஜாமீன் தொகை கட்ட வழியில்லாமல் சில்லறைத் திருட்டு வழக்கில் அதே சிறையில் கிடப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் 2013 திருத்தத்துக்குப் பிறகு அவர் வேட்பாளராக நிற்கலாம். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ளத்தான் முடியாது. இதை நியாயப்படுத்தும் வாதம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இனி உறைகள். தபால் ஓட்டுப் பெறுபவரின் கையில் முக்கியமாக நான்கு பொருள்கள் வரும்: ஓட்டுச்சீட்டு, 13ஏ என்ற உறுதிமொழிப் படிவம், 13பி என்ற சிறிய உறை, 13சி என்ற பெரிய உறை. சீட்டில் குறியிட்டுச் சிறிய உறைக்குள் வைத்து ஒட்ட வேண்டும். அந்த உறையின் மேல் சீட்டின் வரிசை எண் இருக்கும். சான்றொப்பம் பெற்ற உறுதிமொழியைச் சிறிய உறைக்குள் வைக்காமல், அதனோடு சேர்த்துப் பெரிய உறைக்குள் போட வேண்டும். அஞ்சல் கட்டணம் வாக்காளருக்கு இல்லை. எண்ணிக்கை தொடங்கும் நேரத்துக்கு முன், வழக்கமாகக் காலை எட்டு மணிக்குள், அது தேர்தல் நடத்தும் அலுவலரிடம் சேர்ந்துவிட வேண்டும். எட்டு மணிக்குப் பிறகு வந்த உறையைத் திறக்கவே கூடாது.

எண்ணும் மேசையில் வெங்காயம் உரிப்பதுபோல் வேலை நடக்கும். பெரிய உறையைப் பிரித்ததும் முதலில் தேடுவது உறுதிமொழியை. அது இல்லையென்றாலோ, வாக்காளரின் கையெழுத்தோ சான்றொப்பமோ முறையாக இல்லையென்றாலோ, அதிலுள்ள வரிசை எண் சிறிய உறையின் எண்ணோடு பொருந்தவில்லையென்றாலோ, சிறிய உறை பிரிக்கப்படாமலே நிராகரிக்கப்படும். சரியாக உள்ள உறுதிமொழிகளை எல்லாம் தனியே கட்டி முத்திரை வைத்த பிறகுதான் சிறிய உறைகளில் கை வைக்கலாம். இந்த வரிசை மிக முக்கியம். பெயரும் எண்ணும் உள்ள உறுதிமொழியையும் அதே எண் உள்ள ஓட்டுச்சீட்டையும் ஒரே நேரத்தில் மேசையில் விரித்தால் யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடும். வாக்குச்சாவடியில் ரகசியத்தைக் காப்பது அட்டை மறைப்பு. தபால் ஓட்டில் அதைக் காப்பது எந்த உறையை எப்போது பிரிக்கிறார்கள் என்ற ஒழுங்கு மட்டும்தான். சிறிய உறையைப் பிரித்த பிறகும் கண்டங்கள் உண்டு. சீட்டில் எந்தக் குறியும் இல்லை, இரண்டு பேருக்குக் குறி, ஆளை அடையாளம் காட்டும் எழுத்து, போலிச் சீட்டு, அடையாளம் தெரியாத அளவுக்குக் கிழிந்த சீட்டு, உரிய உறையில் வராத சீட்டு எல்லாம் செல்லாது.

இரண்டாவது கட்ட நிராகரிப்பில் பெரும்பாலும் வாக்காளரின் கைப்பிழை இருக்கிறது. அதை யாரும் பெரிதாகக் குறைசொல்ல முடியாது. முதல் கட்டம் அப்படியல்ல. சான்றொப்பம் இடும் அலுவலர் தன் பெயரை எழுத மறந்தால், பதவி முத்திரையை வீட்டில் விட்டுவந்திருந்தால், இழப்பு வாக்காளருக்கு. மறந்த அலுவலருக்கு ஒன்றும் இல்லை.

கேரளத்தின் பெரிந்தல்மண்ணயில் நடந்ததைப் பாருங்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் முஸ்லிம் லீக்கின் நஜீப் காந்தபுரம் 38 ஓட்டில் வென்றார். எண்ணப்படாமல் போன தபால் ஓட்டுகள் 348. முதியவர்களின் வீட்டுக்கே போய் அலுவலர்கள் வாங்கிவந்த ஓட்டுகள் அவை. முதியவர் கேட்டதும் தன் வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கிறார். வாங்கிய அலுவலரின் கையெழுத்து படிவத்தில் இல்லை என்று ஓட்டு போயிற்று. தோற்ற இடதுசாரி ஆதரவு வேட்பாளர் முஸ்தபா வழக்குத் தொடுத்தார். 2023 ஜனவரியில் அந்த ஓட்டுகள் இருந்த பெட்டி ஒன்று, இருக்க வேண்டிய பெரிந்தல்மண்ண சார்கருவூலத்தில் இல்லாமல், மலப்புறத்துக் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் கிடைத்தது. 2024இல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது.

குஜராத்தின் தோல்காவில் கணக்கு இன்னும் அப்பட்டம். 2017இல் பாஜகவின் பூபேந்திரசிங் சூடாசமா காங்கிரஸ் வேட்பாளரை 327 ஓட்டில் வென்றார். நிராகரிக்கப்பட்ட தபால் ஓட்டுகள் 429. மாநிலத்தின் சட்டத் துறையும் அவர் பொறுப்பில் இருந்தபோதே, 2020 மே மாதம், அந்த ஓட்டுகள் சட்டவிரோதமாக ஒதுக்கப்பட்டன என்று சொல்லி உயர் நீதிமன்றம் அவர் வெற்றியை ரத்து செய்தது. சில நாளில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது. தென்காசி மட்டும் இந்த வரிசையில் கொஞ்சம் மாறுபட்டது. 2021இல் காங்கிரஸின் பழனி நாடார் 370 ஓட்டில் வென்றதை எதிர்த்த வழக்கில், உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2023 ஜூலையில் தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணினார்கள். வெற்றி மாறவில்லை; ஆனால் பதவிக்காலம் பாதிகூட முடிவதற்குள் ஒரு விடை கிடைத்தது. அது அபூர்வம்.

சான்றொப்பம் எதற்கு என்று கேட்டால் பதில் நேர்மையானதுதான். வாக்குச்சாவடியில் அடையாள அட்டை பார்க்க ஆள் உண்டு, விரலில் மை உண்டு, ஆட்சேபிக்க முகவர் உண்டு. தபாலில் இவை எதுவும் இல்லை. அந்த மூன்று வேலைகளையும் ஒரே ஒரு கையெழுத்தின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் அது இல்லாமல் போனால் விதி அவ்வளவு கடுமையாக நடந்துகொள்கிறது. இந்தச் சுமையைக் குறைக்கத் தேர்தல் ஆணையம் கண்ட வழி, தபாலையே கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவது.

தேர்தல் பணியாளர்கள் விஷயத்தில் இது வெளிப்படையாக நடந்தது. முன்பெல்லாம் பயிற்சி வகுப்பில் படிவம் 12ஐக் கொடுத்து, ஓட்டுச்சீட்டை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், எண்ணும் நாள் காலை வரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. எண்ணிக்கை ஜூன் 4. பழைய முறை இருந்திருந்தால் நாற்பத்தாறு நாள் ஓட்டுச்சீட்டு ஒருவர் அலமாரியில் இருந்திருக்கலாம். தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். கேட்கவும், விலைபேசவும், மிரட்டவும் அவகாசம் உண்டு. தமிழ்நாட்டில் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் எந்தப் பக்கம் சாய்வார்கள் என்று தபால் ஓட்டை வைத்துக் கட்சிக்காரர்கள் கணக்குப் போடுவது பழைய வழக்கம் என்பதால் அந்த அவகாசத்தின் மதிப்பும் அதிகம். 2023 ஆகஸ்டில் விதி 18ஏ வந்தது. தேர்தல் பணியாளர் இனி வசதி மையத்துக்கு வந்து, அங்கேயே சீட்டை வாங்கி, அங்கேயே குறியிட்டு, அங்கேயே பெட்டியில் போட வேண்டும். சான்றொப்பம் இட ஓர் அலுவலர் அங்கேயே உட்கார்ந்திருப்பார். வேறு தொகுதிகளுக்கு உரியவற்றை மாவட்டங்கள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும். தபால்காரருக்கு இதில் வேலையே இல்லை.

ராணுவத்தினர் விஷயத்தில் பாதித் தபால் மிச்சம். 2014இல் பதிவு செய்திருந்த 13,27,627 சேவை வாக்காளர்களில் ஓட்டளித்தவர்கள் நான்கு சதவீதம். பனிமலை முகாமுக்குச் சீட்டு போய்ச் சேர்வதற்குள் எண்ணிக்கையே முடிந்துவிடும். 2016இல் விதியைத் திருத்தி, சீட்டை மின்னணு வழியில் அனுப்பலாம் என்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தல் முதல் சோதனைக் களமானது. முதலமைச்சராகிவிட்டிருந்த நாராயணசாமி சட்டமன்றத்துக்குள் நுழைவதற்காக நின்ற தேர்தல் அது. வீரர் சீட்டைப் பதிவிறக்கி, அச்சடித்து, குறியிட்டு, மேலதிகாரியிடம் சான்றொப்பம் வாங்கி விரைவுத் தபாலில் அனுப்புவார். போவதற்கு மின்வழி, திரும்பிவர அஞ்சல். ஒரே சீட்டை இரண்டு தரம் அச்சடித்து அனுப்பினால் கண்டுபிடிக்க உறைகளிலும் உறுதிமொழியிலும் க்யூஆர் குறி உண்டு. 2019இல் 18,02,646 பேரில் 10,84,266 பேரின் சீட்டுகள் வந்துசேர்ந்தன, அறுபது சதவீதம். தபால் ஓட்டு விதிகளில் எழுபதாண்டுகளில் செய்யப்பட்ட திருத்தங்களில் இதைப்போல் பலன் தந்தது வேறில்லை என்பேன்.

வீட்டு ஓட்டுதான் அதிகம் சச்சரவுக்கு உள்ளானது. 60ஆவது பிரிவின் (சி) உட்பிரிவு, அரசோடு கலந்து எந்த வகையினரையும் ‘வராத வாக்காளர்’ என்று அறிவிக்க ஆணையத்துக்கு இடம் தருகிறது. அதன்படி 2019 அக்டோபரில் 80 வயது கடந்தோரையும் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். அந்த ஆண்டு இறுதியில் ஜார்க்கண்டில் முதல் முயற்சி. கொரோனா வந்ததும் 2020 ஜூனில் வயதை 65 ஆக்கினார்கள், எதிர்க்கட்சிகள் கொதித்தன, அடுத்த மாதமே, பிகாரில் 65ஐ அமல்படுத்தப்போவதில்லை என்று ஆணையம் பின்வாங்கியது. 2021இல் தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டையே எதிர்த்து திமுக உயர் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. 2024 மார்ச்சில் வயது 85 ஆனது. இப்போது தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் 12டி படிவம் கொடுக்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கு 40 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருக்கு எதிரே குறி வைத்துவிட்டால் பிறகு சாவடிக்குப் போய் ஓட்டளிக்க முடியாது. அலுவலர் குழு போலீஸ் துணையோடும் வீடியோக் கேமராவோடும் வீட்டுக்கு வரும். கட்சி முகவர்களும் கூட வரலாம்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குப் பாதி மகிழ்ச்சி, பாதி சஞ்சலம். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கு ஓட்டு வீடு தேடி வருகிறது. ஆனால் கூடத்தில் பேரனும் மருமகனும், வாசலில் கட்சிக்காரர்களும் நிற்கும்போது அட்டை மறைப்புக்குப் பின்னால் அவர் எவ்வளவு தனியாக இருக்கிறார்? கேமரா வெளியாரின் அத்துமீறலைப் பதிவு செய்யும். குடும்பத்தின் சொல்லை அது என்ன செய்யும்? 65 வயது என்ற யோசனையை எதிர்த்தது சரி. அந்த வயதில் இருப்பவர் பெரும்பாலோர் பேருந்து ஏறிச் சாவடிக்கு வருபவர்கள். 85 சரியான எல்லையாகத்தான் படுகிறது.

எண்ணும் வரிசைக்கு வருவோம். விதி 54ஏ, தபால் ஓட்டுகளை ‘முதலில்’ கவனிக்க வேண்டும் என்கிறது. நடைமுறையில் எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, எட்டரைக்கு இயந்திரம். தபால் எண்ணி முடியும் வரை இயந்திர எண்ணிக்கையின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு 2019 மே வரை இருந்தது. க்யூஆர் குறி வருடும் வேலையும் விவிபாட் என்ற ஒப்புகைச் சீட்டுகளும் சேர்ந்து நேரத்தை இழுத்ததால் அதைத் தளர்த்தினார்கள். தோற்கும் கட்சிக்குச் சந்தேகம் வர இது போதும்: யாருக்கு எத்தனை தேவை என்று தெரிந்த பிறகு செல்லாத ஓட்டு முடிவாகிறதே! 2024 ஜூனில் எதிர்க்கட்சிகள் ஆணையத்திடம் போய் முறையிட்டன. 2025 செப்டம்பரில் பழைய கட்டுப்பாடு திரும்பி வந்தது. எண்ணும் வேலை தேங்காமலிருக்க மேசை ஒன்றுக்கு ஐந்நூறு தபால் ஓட்டுக்கு மேல் இல்லை என்ற ஏற்பாடு ஏற்கெனவே உண்டு.

வரிசை ஏன் முக்கியம் என்பதை மும்பை வடமேற்குத் தொகுதி காட்டியது. 2024இல் இயந்திரங்களில் மட்டும் அமோல் கீர்த்திகருக்கு 4,51,095. ரவீந்திர வாய்க்கருக்கு 4,51,094. தபாலில் முன்னவருக்கு 1,501, பின்னவருக்கு 1,550. வாய்க்கர் 48 ஓட்டில் வென்றார். செல்லாத 111 தபால் ஓட்டுகளை மறுபடி பார்த்தார்கள். நிராகரித்த தபால் ஓட்டை விட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், நிராகரித்த அனைத்தையும் கட்டாயம் மறுஆய்வு செய்து அதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது ஆணையத்தின் கட்டளை. 2020இல் பிகாரின் ஹில்சாவில் 12 ஓட்டு வித்தியாசம், நிராகரித்தவை 182. அங்கும் இதையே செய்தார்கள். நல்ல விதி. ஆனால் மறுஆய்வு செய்பவரும் முதலில் நிராகரித்த அதே தேர்தல் நடத்தும் அலுவலர்தான்.

வெளிநாடு வாழ் இந்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. படிவம் 6ஏ கொடுத்துப் பெயரைச் சேர்க்கலாம்; ஓட்டளிக்க மட்டும் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ விமானம் ஏறி வந்து சாவடியில் நிற்க வேண்டும். ராணுவத்தினருக்கான மின்வழியை இவர்களுக்கும் திறக்கலாம் என்று 2020இல் ஆணையம் அரசுக்கு எழுதியது, அத்தோடு நிற்கிறது. தடை தொழில்நுட்பத்தில் இல்லை. படைப்பிரிவில் மேலதிகாரி இருக்கிறார். வளைகுடாவில் கட்டட வேலை செய்பவரின் கையெழுத்துக்குச் சான்று சொல்ல யார் இருக்கிறார்? தூதரகமா, முதலாளியா? மறுபடியும் அந்த மூன்றாம் மனிதர்.

2024 மே மாதக் கடைசியில் ஆந்திரத்தில் அவரே தலைப்புச் செய்தியானார். வசதி மையத்தில் பெறப்பட்ட தபால் ஓட்டில் சான்றொப்பமிட்ட அலுவலரின் கையெழுத்து மட்டும் இருந்து, பெயரோ பதவியோ முத்திரையோ இல்லையென்றால் அதைச் செல்லாது என்று தள்ள வேண்டாம் என்று ஆணையம் சொன்னது. ஆளுங்கட்சியாக இருந்த ஒய்எஸ்ஆர் காங்கிரஸ், எண்ணிக்கைக்குச் சில நாள் இருக்கும்போது விளையாட்டு விதியை மாற்றுவதா என்று நீதிமன்றம் போனது. ஜூன் 1 உயர் நீதிமன்றமும் ஜூன் 3 உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தன. ஆணையம் சொன்னதன் சாரம் முழுக்கச் சரி. மையத்தில் அமர்ந்திருக்கும் அலுவலரை நியமித்ததே தேர்தல் நடத்தும் அலுவலர். அவர் கையெழுத்தை அடையாளம் காண முத்திரை எதற்கு? ஆனால் ஒய்எஸ்ஆர் காங்கிரஸின் புகாரிலும் உண்மை உண்டு. எது முறையான சான்றொப்பம் என்பதை எண்ணிக்கைக்கு முந்தைய வாரம் ஒரு கடிதம் தீர்மானிக்கக் கூடாது.

விதி 54ஏயில் அதை எழுதிவிடலாம். ஆணையம் நியமித்த அலுவலர் முன்னிலையில், ஆணையத்தின் மையத்திலோ வீட்டு ஓட்டுக் குழுவிடமோ போடப்பட்ட ஓட்டை அந்த அலுவலரின் விடுபடலுக்காக நிராகரிக்கக் கூடாது. விடுபட்டதை எண்ணிக்கைக்கு முன் அவரையே அழைத்து நிரப்பச் செய்ய வேண்டும். மையங்களின் பதிவேட்டில் அன்றாடம் யார் அமர்ந்தார், யார் யாருக்குச் சான்று தந்தார் என்ற குறிப்பை வைத்தாலே இது நடக்கும். இன்னொன்றையும் சேர்க்கலாம். முதல் கட்டத்திலேயே தபால் ஓட்டு நிராகரிக்கப்பட்டால் அந்த வாக்காளருக்கு இன்றுவரை யாரும் தெரிவிப்பதில்லை. உறுதிமொழியில் அவர் பெயர் இருக்கிறது. சிறிய உறை பிரிக்கப்படாததால் அவர் ஓட்டின் ரகசியமும் கெடாது. காரணத்தைச் சொல்லி ஒரு குறுஞ்செய்தி அனுப்புவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. ஆணையத்தின் ஒரு சுற்றறிக்கை போதும்.